ஆளுக்குப் பாதி

எங்க வீட்டுல எந்த வேலையும் முழுசா ஒரு ஆள் கையில இருந்ததில்ல. நான் காய் நறுக்கினா அவ அடுப்புல ஏத்துவா. அவ பாத்திரம் கழுவினா நான் துடைச்சு அடுக்குவேன். துணியை அவ பிழிவா, நான் உதறிக் காயப்போடுவேன். பதினோரு வருஷமா இப்படித்தான். அவன்னா என் ஓரகத்தி, கொழுந்தனோட பொண்டாட்டி. நான் பெரியவள், அவ சின்னவள். வீட்டுல, ஆபீஸ்ல, எதிர் வீட்டுல எல்லாருக்கும் நாங்க பெரியவள், சின்னவள்தான்.

ஆபீஸ்னு சொன்னேனே, அங்கயும் அதே கதைதான். துணி துவைக்கிற மெஷின் செய்யற கம்பெனி. வாங்கினவங்க எழுதுற புகாருக்குப் பதில் போடுற பிரிவு எங்களுது. ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி. வர்ற கடிதத்தை நான் படிச்சு, இந்த ஆளுக்கு என்னதான் பிரச்சினைன்னு தோண்டி எடுத்து ரெண்டு வரியில சொல்வேன். அவ அதை வெச்சுப் பதமா ஒரு பதில் எழுதுவா. நான் எழுதினா சண்டைக்குப் போற மாதிரி இருக்கும். அவளைப் படிக்கச் சொன்னா மூணாவது வரியிலயே அந்த மனுஷனுக்காகப் பரிதாபப்பட ஆரம்பிச்சுடுவா. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு நல்ல குமாஸ்தா. தனித்தனியா என்னன்னு யாரும் கேட்டதில்ல, நாங்களும் யோசிச்சதில்ல.

அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு முக்கியம்னு முதல்லயே சொல்லிடறேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு. அவர் போன அடுத்த வருஷம் நான் இந்த வேலையில சேர்ந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு சின்னவளையும் நான்தான் சேர்த்துவிட்டேன். கொழுந்தன் தங்கமான மனுஷன். "அண்ணி, நீங்க வேலைக்குப் போய்த்தான் ஆகணுமா"ன்னு அப்பப்ப கேப்பார். அன்பாத்தான் கேக்கறார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் சுருக்குனு தைக்கும். அந்த நாற்காலி இருக்கறவரைக்கும் இது என் வீடு. அது போச்சுன்னா நான் இங்க உக்காந்து சாப்பிடுற விருந்தாளி. யாரும் அப்படிச் சொன்னதில்ல. எனக்கு நானே சொல்லிக்கிட்டதுதான்.

இப்படி இருக்கும்போது கம்பெனி கை மாறிச்சு. புது முதலாளிங்க வந்த மூணாவது வாரம் மேனேஜர் எங்க பிரிவுல இருக்கற ஆறு பேரையும் கூப்பிட்டார். ரெண்டு மாசத்துல இங்கிலீஷ் வார்த்தைப் பரீட்சைன்னார். சாதாரண வார்த்தை இல்ல, கடினமான வார்த்தை. ரெண்டு பகுதி. முதல் பகுதியில லத்தீன் வேரைப் பிடிச்சு, முன்னப்பின்ன பார்க்காத வார்த்தைக்கு அர்த்தம் எழுதணும். ரெண்டாவதுல ஒரு வார்த்தைக்கு இணையான வார்த்தை எழுதணும். ரெண்டுலயும் தனித்தனியா தேறினாத்தான் நாற்காலி. தேறாதவங்க ஊருக்கு அந்தக் கோடியில இருக்கற குடோனுக்குப் போய் உதிரி பாகத்தைப் பொட்டியில அடுக்கணும். நின்னுக்கிட்டே, ஒப்பந்த ஆளா. எனக்கு நாப்பத்தேழு வயசு, முழங்கால் வேற பேசிக்கிட்டே இருக்கு.

லத்தீன்னா என்னன்னு கேட்டேன். அது செத்துப்போன பாஷையாம், இப்ப யாரும் வீட்டுல பேசறதில்லையாம். எனக்கு ஒண்ணுமே புரியல. செத்தது செத்ததோட போகாம, உயிரோட இருக்கற என் பொழப்புல வந்து ஏன் மண்ணள்ளிப் போடணும்?

கொழுந்தன் பழைய புத்தகக் கடையில தேடி ஒரு தடிப் புத்தகம் வாங்கிட்டு வந்தார். தலையணை தோத்துது. முன்பாதி முழுக்க வேர்ச்சொல், பின்பாதி முழுக்க இணைச்சொல். பிரிச்சுப் பார்த்ததும் எனக்கு முழி பிதுங்கிடுச்சு. சின்னவள் ஒரு பக்கத்தைப் படிச்சுட்டு மூடிட்டா. அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். வேற என்ன செய்வோம், எப்பவும் செய்யறதைத்தான் செஞ்சோம். காய் நறுக்கற கத்தியை எடுத்துட்டு வந்து புத்தகத்தை முதுகோட ரெண்டா அறுத்தேன். முன்பாதி எனக்கு, பின்பாதி அவளுக்கு. ஆளுக்குப் பாதி படிச்சு முடிச்சுட்டு, கடைசி மாசம் மாத்திக்கலாம்னு பேச்சு.

சும்மா சொல்லக்கூடாது, வேர்ச்சொல் எனக்குப் பிடிச்சுப்போச்சு. பீன்ஸ் ஆய்ற மாதிரிதான். தலையைக் கிள்ளு, வாலைக் கிள்ளு, நடுவுல மிஞ்சறதுதான் சங்கதி. ஸ்பெக்ட்னா பார்க்கறது. அதனாலதான் இன்ஸ்பெக்டர் உள்ள வந்து எட்டிப் பார்க்கறார். போர்ட்னா சுமக்கறது. வெளிய சுமந்தா எக்ஸ்போர்ட், உள்ள சுமந்தா இம்போர்ட். ஜெக்ட்னா எறியறது, திருப்பி எறிஞ்சா ரிஜெக்ட். டிராக்ட்னா இழுக்கறது, வயல்ல ஓடுற டிராக்டர் வரைக்கும் அதுதான். இத்தனை வருஷமா வாயில போட்டு மென்னுக்கிட்டிருந்த வார்த்தைக்கெல்லாம் உள்ள ஒரு ஆள் உக்காந்திருக்கான்னு தெரிஞ்சதும் எனக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சு.

சின்னவள் படிக்கிற விதம் வேற. அவளுக்கு எதையும் வாய்விட்டுச் சொல்லணும், கையால செஞ்சு காட்டணும். அடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமா தணிச்சுக்கிட்டே "டிமினிஷ், டிக்ளைன், ட்விண்டில்"னு பாடுவா. மூடி திறக்காத டப்பாவோட மல்லுக்கட்டும்போது "ஸ்டபர்ன், ஆப்ஸ்டினேட், ஆப்டியூரேட்"னு அதைத் திட்டுவா. கோபத்துக்கு மட்டும் பதினேழு வார்த்தை வெச்சிருந்தா. எல்லாம் ஒண்ணுதானேடின்னு கேட்டதுக்கு, "அது எப்படிக்கா ஒண்ணாகும்? நமக்கு மட்டும் எரிச்சல் வேற, ஆத்திரம் வேற, வயித்தெரிச்சல் வேற இல்லையா?"ன்னு கேட்டா. அனாய்ட்னா உங்களை மாதிரி உர்ருனு இருக்கறது, லிவிட்னா முகமே நிறம் மாறிப்போறதுன்னு வித்தியாசம் சொன்னா. குழாய் ஓடினாலும் மிக்ஸி ஓடினாலும் அதுக்கு மேல அவ குரல் ஓடும். காது ஓட்டையாயிடும் போல இருந்துச்சு. கொஞ்சம் மெதுவாப் படியேன்னு எத்தனையோ தடவை எரிஞ்சு விழுந்திருக்கேன்.

நான் அப்படியெல்லாம் இல்ல. எனக்குச் சத்தம் போட்டுப் படிச்சாப் பிடிக்காது. வாய்க்குள்ளயே போட்டு உருட்டி, விடை வந்ததும்தான் வெளிய விடுவேன்.

ஒரு மாசத்துல, ஆபீஸ்ல கொடுத்த மாதிரித் தேர்வுத்தாளை எடுத்து வெச்சு ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசையில உக்காந்தோம். தெரியாத வார்த்தை வந்தா என் பக்கம் தள்ளுவா. நான் தலையைக் கிள்ளி, வாலைக் கிள்ளி, இதுக்கு நம்பாதவன்னு அர்த்தம், எழுதுன்னு சொல்வேன். எப்படிக்கான்னு கேப்பா. "நீ விடு, நான் பார்த்துக்கறேன்"னு அடுத்ததுக்குப் போயிடுவேன். இணைச்சொல் வந்தா அவ நாலு வார்த்தையை அருவி மாதிரி கொட்டுவா, எது எந்த இடத்துக்குப் பொருந்தும்னும் சேர்த்துச் சொல்வா. நாப்பதுக்கு நாப்பது. மறுநாளும் நாப்பதுக்கு நாப்பது. கொழுந்தன் விடைத்தாளைப் பார்த்துட்டு, பரீட்சையிலயும் ஒரே நாற்காலியில ரெண்டு பேரும் உக்காந்துக்குவீங்களான்னு கேட்டார். விழுந்து விழுந்து சிரிச்சோம்.

மாத்திக்கலாம்னு சொன்ன நாள் வந்துச்சு. அன்னிக்கு வீட்டுல விருந்தாளி. அடுத்த வாரம் எனக்கு முழங்கால் வலி. அப்புறம் அவ ஒரு நாள் என் பாதியை எடுத்துப் பார்த்துட்டு, "அக்கா, இதுல நீங்க விடையை மட்டும்தான் எழுதி வெச்சிருக்கீங்க. நடுவுல என்ன செஞ்சீங்கன்னு தெரியலையே"ன்னா. எனக்கு அப்ப ஒரு வேலை ஓடிக்கிட்டிருந்துச்சு. நீ விடு, நான் பார்த்துக்கறேன்னு புத்தகத்தை வாங்கி அலமாரியில வெச்சேன். எதைப் பார்த்துக்கறேன்னு சொன்னேன்? பரீட்சையில அவளுக்காக நானா போய் எழுதப் போறேன்? இப்ப யோசிச்சா மண்டை காயுது. ஆனா அன்னிக்கு அந்த வார்த்தை எனக்கு அன்பாத்தான் தெரிஞ்சுது. அவ கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான் அவளுக்கு அதிகமாச் சொன்னதே அந்த வார்த்தைதான்.

பரீட்சை ஆபீஸ் மாடியில நடந்துச்சு. ஆறு மேசை, ஒண்ணுக்கொண்ணு எட்டி எட்டிப் போட்டிருந்தாங்க. நான் முன்வரிசை. சின்னவள் எனக்கு ரெண்டு மேசை பின்னால. முதல் தாள் வந்துச்சு. இருபது வார்த்தையும் எனக்குத் தெரிஞ்ச வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருந்துச்சு. சர்க்கம்னா சுத்தி, ஸ்பெக்ட்னா பார். சுத்தும் முத்தும் பார்த்து நடக்கறவன். பெனின்னா நல்லது, வோல்னா விரும்பறது. நல்லது நினைக்கறவன். உதடு அசைய அசைய எழுதிக்கிட்டே போனேன்.

ரெண்டாவது தாள் வந்ததும் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிடுச்சு. இதுல கிள்ளறதுக்குத் தலையும் இல்ல, வாலும் இல்ல. எல்லாம் குட்டைக் குட்டை வார்த்தை. திருதிருன்னு முழிச்சேன். பழக்கதோஷம், தாளை எதிர்ப்பக்கம் தள்ளப் போயிட்டேன். எதிர்ல சுவர்தான் இருந்துச்சு. கை அப்படியே நின்னுடுச்சு. நாற்காலி போச்சு, குடோன்தான், முழங்கால்தான்னு நினைச்சுக்கிட்டே தாளைத் திரும்ப இழுத்து வெச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் ட்விண்டில்னு ஒரு வார்த்தை கண்ணுல பட்டுச்சு. உடனே அடுப்புத் திருகு தெரிஞ்சுது. அதை மெல்லத் திருப்புற கை தெரிஞ்சுது. டிமினிஷ்னு எழுதினேன். அடுத்தது ஸ்டபர்ன். திறக்காத டப்பா. ஆப்ஸ்டினேட்னு எழுதினேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் சமையல்கட்டுல ஒரு சத்தம் இருந்துச்சு, குழாய்க்கு மேல, மிக்ஸிக்கு மேல. மெதுவாப் படின்னு நான் திட்டினதெல்லாம் ஒண்ணு விடாம என் காதுல இருந்துச்சு. எல்லாம் வரல. பாதிக்கு மேல வந்துச்சு.

நானே இப்படிப் பொழைச்சுட்டேன்னா அவ என்னைவிட நல்லாத்தான் எழுதியிருப்பான்னு நினைச்சேன். அவளுக்கு என் வேர்ச்சொல் எங்கேருந்து காதுல விழுந்திருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.

நாலு நாள் கழிச்சு மேனேஜர் எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாவே உள்ள கூப்பிட்டார். எனக்கு முதல் பகுதியில பதினெட்டு, ரெண்டாவதுல பதிமூணு. பன்னெண்டு வேணும், தேறிட்டீங்கன்னார். சின்னவளுக்கு ரெண்டாவதுல இருபதுக்கு இருபது. ஆறு பேர்ல முழு மார்க் வாங்கினது இவங்க ஒருத்தர்தான்னார். முதல் பகுதியில அஞ்சு. திங்கக்கிழமையிலேர்ந்து குடோன், மூணு வாரம் கழிச்சு அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை எழுதலாம், அதுதான் கடைசின்னு முடிச்சுட்டார்.

எனக்கு முதல்ல வந்தது நிம்மதி. அதை மறைக்க விரும்பல. நாற்காலி தப்பிச்சுதுன்னு நெஞ்சுப் பாரம் அப்படியே இறங்கிச்சு. அடுத்த நிமிஷம் அவ முகத்தைப் பார்த்தேன். ச்சீ, என்ன பொம்பளை நான்னு தோணிச்சு. அப்புறம் அவ மேலயே கோபம் வந்துச்சு, அஞ்சு மார்க்கா, இத்தனை நாள் என்ன பண்ணினான்னு. அதுக்கப்புறம் கோபம் யார் மேலன்னே தெரியல. சந்தோஷப்படறதா, அழறதா, மேனேஜரைத் திட்டறதா, ஒண்ணும் புரியாம அவர் மேசையில இருந்த பேனாவை எடுத்து என் பையில போட்டுக்கிட்டு வெளிய வந்துட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க மறுபடி போக வேண்டியதாப் போச்சு.

பஸ்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்து வந்தோம். நாலு நிறுத்தம் வரைக்கும் அவ பேசல. பதினோரு வருஷத்துல அவ அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்ல. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னா.

"முதல் தாளைப் பார்த்ததும் ஒண்ணுமே வரலக்கா. நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன். உங்க தாடை அசைஞ்சுது. என்னமோ சொல்லிக்கிட்டிருக்கீங்கன்னு தெரிஞ்சுது. என்னன்னு கேக்கல. வீட்டுலயும் எனக்கு அவ்வளவுதான் தெரியும், உங்க வாய் அசையறது மட்டும்."

அவ குறையா சொன்ன மாதிரிகூட இல்ல. நடந்ததைச் சொன்னா, அவ்வளவுதான். என் தலைக்குள்ள அவ குரல் இருந்துச்சு, அதுதான் என்னைக் காப்பாத்திச்சு. அவ தலைக்குள்ள என் விடை மட்டும்தான் இருந்துச்சு.

வீட்டுக்குப் போற தெருவுல திரும்பினதும் எனக்குப் பேச்சு வந்துச்சு. வந்தா நிக்காது. மேனேஜர்கிட்ட நான் பேசறேன், அவர் என் பேச்சைக் கேப்பார், குடோனுக்குப் பதிலா லீவு போட்டுக்க, வீட்டு வேலையை நான் பார்த்துக்கறேன், மூணு வாரத்துல உன்னை நான் தேத்தி விட்டுடறேன்னு மூச்சுவிடாம அடுக்கினேன். அவ நடுவாசல்ல நின்னா. சாவி என் கையில இருந்துச்சு, அதை மெதுவா வாங்கினா.

"நீங்க விடுங்கக்கா. நான் பார்த்துக்கறேன்."

கோபமே இல்லாம சொன்னா. அவகிட்ட இருந்த பதினேழு கோபத்துல ஏதாவது ஒண்ணை எடுத்து என் மேல வீசியிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும். கதவைத் திறந்து உள்ள போனா. அந்த வார்த்தையை எத்தனை தடவை அவ முகத்துக்கு நேரா சொல்லியிருப்பேன்? அது எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

திங்கக்கிழமை அவ எனக்கு முன்னாலயே கிளம்பிப் போயிட்டா. நான் ஆபீஸ்ல தனியா உக்காந்தேன். ஒரு அம்மா நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தாங்க, மெஷின் கல்யாணப் புடவையைக் கிழிச்சிடுச்சுன்னு. படிச்சு, பிரச்சினையைத் தோண்டி எடுத்து, ரெண்டு வரியில எதிர்ப்பக்கம் சொல்லிட்டு நிமிர்ந்தேன். காலி நாற்காலி. பதிலை நானே எழுதினேன். மேனேஜர் திருப்பி அனுப்பினார். மறுபடி எழுதினேன், மறுபடி வந்துச்சு. நாற்காலி கிடைச்சிடுச்சு, அதுல என்ன செய்யறதுன்னுதான் தெரியல.

வீட்டுல இன்னும் மோசம். அவ எனக்கு முன்னாலயே வந்து காயைத் தானே நறுக்கி, தானே அடுப்புல ஏத்தி வெச்சிருப்பா. தானே கழுவி, தானே துடைப்பா. நான் சமையல்கட்டு வாசல்ல போய் நின்னா, நீங்க உக்காருங்கக்கான்னு மரியாதையாச் சொல்வா. உக்காந்தேன். தட்டு வந்துச்சு. சாப்பிட்டேன். எதுக்கு நான் இத்தனை வருஷம் பயந்தேனோ அதையே செஞ்சுக்கிட்டிருந்தேன். வேலை போகாமலே நான் விருந்தாளி ஆயிட்டேன். கொழுந்தன் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டு, பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவ பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தா. குழாய் சோன்னு கொட்டிக்கிட்டிருந்துச்சு. அடுப்புக்குப் பக்கத்துல என் பாதிப் புத்தகம் கவுத்து வெச்சிருந்துச்சு, அலமாரியிலேர்ந்து அவளே எடுத்திருக்கா. திருப்பிப் பார்த்தேன். ஓரமெல்லாம் என் பென்சில் எழுத்து, விடை, விடை, விடை. அதுக்குக் கீழ அவ எழுத்துல கேள்விக்குறி. ஒரு பக்கத்துல மட்டும் பதினாலு கேள்விக்குறி இருந்துச்சு.

அவ கால் வீங்கியிருந்துச்சு. நாள் முழுக்க நின்ன கால். உக்காருடின்னு சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கிட்டேன்.

துண்டை எடுத்தேன். கழுவி வெச்சிருந்த ஒரு தட்டைத் துடைக்க ஆரம்பிச்சேன். அவ திரும்பல. அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்துச்சு. எந்த வார்த்தையில கேக்கறதுன்னு தெரியல. அவகிட்ட கேட்டா அதுக்கே ஏழு வார்த்தை சொல்வா. அதனால எனக்குத் தெரிஞ்சதை, தட்டைப் பார்த்து, வாழ்க்கையில முதல் தடவையா சத்தம் போட்டுச் சொன்னேன்.

"இன்க்ரெடுலஸ். தலை இன், அதுக்கு இல்லைன்னு அர்த்தம். நடுவுல க்ரெட், நம்பறது. க்ரெடிட்ல வர்ற அதே க்ரெட்தான். நம்பாத ஆள்."

குழாய் கொட்டிக்கிட்டே இருந்துச்சு. அவ கை நிக்கல. எனக்குக் கூச்சமா இருந்துச்சு, கிறுக்குப் பிடிச்சவ மாதிரி தட்டோட பேசிக்கிட்டு. கேக்குதா இல்லையான்னுகூடத் தெரியல. அடுத்த தட்டை எடுத்தேன்.

"இன்டரப்ட். தலை இன்டர், நடுவுலன்னு அர்த்தம். ரப்ட்னா உடைக்கறது. ஒருத்தர் ஏதோ செஞ்சுக்கிட்டிருக்கும்போது நடுவுல புகுந்து உடைக்கறது. நான் உனக்குப் பண்ணினது."

தட்டை வெச்சுட்டு மூணாவதை எடுத்தேன். அது ஏற்கனவே துடைச்ச தட்டு. பரவாயில்லன்னு அதையே துடைச்சேன்.

"அப்புறம் ரிஜெக்ட்..."

சின்னவள் திரும்பல. நுரைக் கையை நீட்டிக் குழாயை மூடினா. தொட்டியில இன்னும் பாதிப் பாத்திரம் அப்படியே கிடந்துச்சு.